எதிர்க்கடை

என் மகள் லக்ஷனாவின் சரித்திரப் புத்தகத்தில் ஓர் இத்தாலி வியாபாரி வருகிறான். அறுநூறு, எழுநூறு வருடத்துக்கு முந்திய ஆள். கொள்ளைநோயில் தாய் தகப்பனைப் பறிகொடுத்து, மீசை முளைக்கும் வயதில் பிரான்சுக்கு வந்து, ஒரு கடையில் எடுபிடியாக நின்று தொழில் பழகியவன். அவள் பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் சொன்னபோது என் கதையை யாரோ எழுதிவைத்த மாதிரி இருந்தது. எனக்கு நோய்க்குப் பதில் ஷெல்லடி. நான் வந்து நின்றது பாரிஸ் லா சப்பலில், மரக்கறியும் மீனும் விற்கிற ஒரு கடையில்.

இத்தனை வருடத்தில் எனக்குக் கோப்பி தந்த பொலிஸ் அதிகாரி நீங்கள் ஒருவர்தான், மரி-லூயிஸ் மடாம். ஆகவே முதல் நாள் சொன்னதைத் திருத்திச் சொல்கிறேன்.

விசா இல்லாத காலத்தில் என் முதலாளி அரியநாயகம் அண்ணை, சோதனைக்காரர் வந்தால் என்னை மீன் வைக்கும் குளிர் அறைக்குள் தள்ளி, வெளியே கொண்டியைப் போட்டுவிடுவார். உள்ளே நிற்பவன் தட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது. அவராகத் திறக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எல்லாக் கடையிலும் அதுதான் சட்டம் என்று நினைத்திருந்தேன். அப்படி நின்று நின்றுதான் நானும் முதலாளி ஆனேன்.

என் மனைவி சுஜாந்தியின் தம்பி ஜனார்த்தனன் விசா இல்லாமல் வந்து சேர்ந்தபோது வேலை கொடுத்தவன் நான். அந்தச் சட்டத்தைப் பழக்கியவனும் நான். கெட்டிக்காரன். சனம் வாசலிலேயே "ஜனா நிக்கிறாரோ?" என்று கேட்டுத்தான் உள்ளே வரும். கல்லாவில் இருக்கும் என்னைத் தாண்டி அவனிடம் போகும். கடை அவன் தலையில்தான் நின்றது. எனக்கு அது தெரியும். ஒருநாள் அவனுக்கும் தெரிந்தது.

"அத்தான், முன்னாலை அந்தக் கடை காலியாகுது. நான் எடுப்பம் எண்டு யோசிக்கிறன்."

"நல்லது. எடு," என்றேன்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் எதிரில் நின்றால் என் கடைக்கு ஈதான் வரும். இந்த இடுப்போடு இனி யாருக்கு மூட்டை தூக்குவது? சுஜாந்தியிடம் சொல்லி அழவும் வழியில்லை, அவள் தம்பியல்லவா. பயந்துபோய் இருந்தேன், மடாம். லக்ஷனாவிடம் அந்த இத்தாலிக்காரன் பிறகு என்ன செய்தான் என்று கேட்டேன். முதலாளியை விட்டுப் போய்ச் சொந்தக் கடை போட்டானாம்.

"அப்ப அந்த முதலாளிக்கு என்ன நடந்தது?"

பக்கங்களைப் புரட்டினாள். "அது போடேல்லை, பப்பா."

போடமாட்டார்கள். போனவனைப் பற்றித்தான் எழுதுவார்கள்.

சனிக்கிழமை பின்னேரம் சோதனைக்காரர் மாதிரிக் கையில் பட்டி கட்டிய இருவர் வாசலில் வந்து நின்றார்கள். ஜனார்த்தனன் கத்தரிக்காய்ப் பெட்டியை அப்படியே போட்டுவிட்டுக் குளிர் அறைக்குள் பாய்ந்தான். பழக்கதோஷம். நான் கொண்டியைப் போட்டேன். அதுவும் பழக்கதோஷம் என்றுதான் முதல் நாள் சொன்னேன்.

வந்தவர்கள் நகரசபைக்காரர். பிள்ளையார் தேர் வருகிற அன்று கடை வாசலில் வாகனம் நிற்கக் கூடாது என்று சொல்ல வந்திருந்தார்கள். சொன்னார்கள், கொடுத்த பலகாரத்தைத் தின்றார்கள், போனார்கள்.

நான் கத்தரிக்காயைப் பொறுக்கி அடுக்கினேன். வாடிக்கைக்காரி கோசலையக்கா வந்து அவனைத் தேடினா. "வெளியிலை போயிட்டான், அக்கா," என்றேன். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. சொல்வழி கேட்கிற பிள்ளை. கடை பூட்டும் நேரத்தில்தான் "அத்தான்" என்று ஒருதரம் கேட்டது. பிறகு தட்டினான். பிறகு விடாமல் தட்டினான். உட்பக்கக் கைப்பிடி உடைந்து கனகாலம். நான் விளக்குகளை அணைத்து, ஷட்டரை இழுத்துவிட்டு, சார்செலில் இருக்கும் வீட்டுக்கு ரயில் ஏறினேன்.

"தம்பி வரேல்லையோ?" என்று கேட்டாள் சுஜாந்தி.

"பொண்டியிலை சிநேகிதன் வீட்டை நிப்பான்."

அவனுக்கென்று புட்டை எடுத்து மூடிவைத்தாள். நான் என் பங்கைச் சாப்பிட்டேன். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் சோறு தண்ணி இறங்கியது.

உங்கள் கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. செத்துக் கிடந்தவனின் சட்டைப்பையில் பத்து வருட விசா இருந்ததே, பிறகு ஏன் ஒளித்தான் என்று கேட்டீர்கள். விசா கிடைத்து ஒரு கிழமைதான். இத்தனை வருடம் ஓடி ஒளித்த கால், அது கிடைத்ததை அந்த நேரம் மறந்துவிட்டது. நான் மறக்கவில்லை. அவனோடு அலுவலகத்துக்குப் போய் அதை வாங்கிவந்தவனே நான்தான். கொண்டியில் கை வைத்தபோது அது நன்றாக நினைவிருந்தது. வந்தவர்கள் போன பிறகும் நினைவிருந்தது. தட்டியபோதும் நினைவிருந்தது.

சுஜாந்தியைக் கண்டால் ஒன்று சொல்லுங்கள், மடாம். அந்த எதிர்க்கடையை எப்படியாவது எடுக்கட்டும், போர்டில் தம்பியின் பெயரையே போடட்டும். அவனுக்கு நான் ஒருநாளும் ஒரு குறையும் வைத்ததில்லை.