ஓர் இழை இறக்கி

அடுப்பில் பால் பொங்கப்போவது என் மனைவிக்குக் கூடத்தில் இருந்தாலே கேட்டுவிடும். அவ்வளவு நல்ல காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் நான்கு பேர் சேர்ந்து வாசிப்போம். அவள் முதல் வயலின், அவளுடைய தம்பி மனைவி இரண்டாவது வயலின், தம்பி வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா, நான் செல்லோ. நூலக அரங்கில் எங்கள் கச்சேரி ஒன்று வரவிருந்தது. அதற்கு அடுத்த மாதம் தந்திக் கருவிப் போட்டி. அதில் ஜெயிப்பவருக்குப் பெரிய நால்வர் குழு ஒன்றில் இடம். இரண்டு வருடம் ஊர் ஊராகக் கச்சேரி. அவள்தான் ஜெயிப்பாள் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் இல்லாத வீட்டை நான் மட்டும்தான் நினைத்துப் பார்த்தேன்.

செல்லோ அடியில் ஒலிப்பது. மற்றவர்கள் அதைத் தரையாக நம்பி அதன்மேல் நிற்பார்கள். தரை மெல்ல இறங்கினால் தங்களை அறியாமல் அவர்களும் இறங்குவார்கள். நான் சுருதியை ஓர் இழை இறக்கி விரலை வைத்தேன். தம்பியும் அவன் மனைவியும் என்னோடு வந்துவிட்டார்கள். சரியான இடத்தில் நின்ற அவளுடைய வயலின் மட்டும் தனியாக ஏறிக் கேட்டது.

"எங்கே போறேக்கா? நாங்க மூணு பேரும் கீழே இருக்கோம்," என்றான் தம்பி.

"நான் சரியாத்தானேடா வாசிக்கிறேன்?"

"ஆமா, ஊரே தப்பு, நீ மட்டும் சரி."

எல்லோரும் சிரித்தோம், அவளும்தான். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நிஜமாவா?"

"லேசா ஏறுதும்மா. அசதியா இருக்கும்," என்றேன். அன்பாகத்தான் சொன்னேன்.

வாரா வாரம் அப்படியே செய்தேன். "தனியா வாசிச்சா சரியா இருக்குங்க. உங்களோட சேர்ந்தாத்தான் தப்பாப் போகுது," என்று ஒருநாள் அழுதாள். கண்ணைத் துடைத்துவிட்டேன். அதன்பிறகு தன் காது சொன்னதை விட்டுவிட்டு, எங்களோடு ஒட்டுவதற்காக விரலைத் தாழ்த்திப் பழகிக்கொண்டாள்.

கச்சேரியன்று நான் சுத்தமாக வாசித்தேன்.

மற்ற இருவரும் என்னோடு சரியான சுருதிக்கு வந்துவிட்டார்கள். அவள் மட்டும் பழகிய இடத்திலேயே நின்றாள். அத்தனை பேர் முன்னால், முதல் தடவையாக, அவள் வாசித்தது உண்மையிலேயே தப்பாக இருந்தது. பாதியில் வில்லை மடியில் வைத்துவிட்டு, "மன்னிச்சிடுங்க," என்றாள். மறுநாள் போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிட்டாள். காதில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். அவள் நம்பவில்லை.

இப்போது வயலினைத் தொடுவதில்லை. போனில் பேசி முடித்ததும், "நான் கத்திப் பேசினேனாங்க?" என்று என்னிடம் கேட்கிறாள். இல்லை என்று சொன்னால் முகம் தெளிகிறது.

மனசு உறுத்தாமல் இல்லை. சொல்லிவிடத் தினமும் வாயெடுக்கிறேன். ஆனால் தன் காதையே நம்பாதவளுக்கு என் வார்த்தை ஒன்றுதான் மிச்சம். அதையும் எப்படிப் பறிப்பேன்?