கீழாநெல்லி குடித்த தேதி

ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு மைலோ கலக்கிக் கொடுப்பதும் என் வேலைதான். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்தால் தலை சுற்றும். இனிப்பைக் கொஞ்சம் தூக்கலாகவே போடுவேன்.

எங்கள் மருந்து ஆய்வு நிலையம் கிள்ளானில் இருக்கிறது. முட்டிவலிக்கு ஒரு புது மாத்திரை. அதைச் செய்கிற கம்பெனியின் பணத்திலேயே அதைச் சோதித்தோம். பார்மசி படிப்பைப் பாதியில் விட்ட எனக்குப் படிவம் நிரப்பும் வேலை. ஆள் போதவில்லை என்றார்கள். என் அக்கா தனலெட்சுமியை நானே சேர்த்துவிட்டேன்.

ஆறாவது வாரம் அவள் கண் மஞ்சளானது. காமாலை என்றால் நம் ஆட்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்தாள்.

டாக்டர் விஜயன் படிவத்தைப் பார்த்தார். "நாட்டு மருந்து குடிச்சிருக்காங்க லா, அதான் லிவர் போச்சு. குடிச்ச தேதிய காமாலைக்கு முன்னால போட்டு ஆள லிஸ்ட்லேர்ந்து எடுத்துரு, தனேஷ்."

"காமாலை வந்த பிறகுதான் குடிச்சாங்க, டாக்டர்."

"அத யாரு கேக்கப் போறா?"

மாற்றினேன். பன்னிரண்டாம் நாள் அக்கா இறந்தாள்.

நான் டாக்டரை அடிக்கவில்லை. பங்சார் வீட்டில் அவருடைய அப்பா பழனியப்பன் முட்டிவலியால் படியேற முடியாமல் இருந்தார். ஆய்வின் முடிவு சுத்தமாக வந்தால் போதும் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு பதினொரு பேருக்குக் கண் மஞ்சளானது. கேட்டால், கீழாநெல்லி குடித்ததாக எல்லோரும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்வார்கள். அத்தனை பேருக்கும் தேதியை முன்னால் போட்டுப் பட்டியலிலிருந்து எடுத்தேன். டாக்டர் படிக்காமல் கையெழுத்திட்டார்.

"முட்டிக்கு நல்லாத்தான் இருக்கு தம்பி, மீதி மாத்திரையும் முடிச்சிரவா?" என்று அவர்களில் ஒருவரான தாமரை ஆன்டி கேட்டார்.

"முடிச்சிருங்க ஆன்டி. கீழாநெல்லிய மட்டும் விட்ருங்க."

மாத்திரையை நிறுத்திக் குணமாகிவிட்டால் பழி மாத்திரைமேல் விழும், இல்லையா?

அறிக்கையில் ஒரு ஈரல்கூடக் கெடவில்லை. தான் எழுதச் சொன்ன பொய் ஒன்றுதான், மற்றதெல்லாம் உண்மை என்று டாக்டர் நம்பினார். "முதல் டப்பா எங்கப்பாவுக்குத்தான் லா," என்று சிரித்தபடி எடுத்துப்போனார். நான் தடுக்கவில்லை.

போன வியாழக்கிழமை பழனியப்பனை எரித்தார்கள். டாக்டர் அழுததை அருகில் நின்று பார்த்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்தப் பதினொரு பேரில் நான்கு பேர் இறந்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் நான்தான். ஆனால் ஒன்று, அவர்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை.