எச்சும் ஆரும் உள்ள அஞ்சு எழுத்து

— அப்போ இந்த ரெண்டாவது கார்டு? இதும் விளையாட்டாக்கும், இல்லியா சுகிர்தம்?

— அதைத்தான் அப்பமே சொன்னேனே. பள்ளிக்கூடத்தில நாங்க விளையாடினது. இங்கிலீஸ் வார்த்தைக்கு எத்தனை எழுத்துன்னு சொல்லி, உள்ள வாற ரெண்டு எழுத்தையும் தருவாங்க. வார்த்தையை நாம கண்டுபிடிக்கணும். பைய பேசுங்க, கடைக்கு ஆளு வந்தா கேக்கும்.

— ஆளு வராது. நம்ம ஊரை தமிழ்நாட்டோட சேக்கணும்னு இன்னைக்கும் கடையடைப்பாக்கும். பாறசாலை சந்தையில ஒரு பலகை தொறக்கல்ல. தையல் மிஷினுக்கு காது இல்ல. நீ சொல்லு.

— என்னத்த சொல்ல?

— யாரு இவன்? பேரு இல்ல, ஒப்பு இல்ல. முந்தின கார்டு உனக்க பாட்டுப்புஸ்தகத்துக்குள்ள இருந்து எடுத்தேன். இதை தபால்காரன் பொன்னப்பன் எனக்க கையில தந்தான். சுகிர்தபாய்னு மட்டும் உண்டு. ஞானசிகாமணிக்க பெண்டாட்டின்னு ஒரு எழுத்து உண்டா?

— டெய்லர் கடைன்னு உண்டே.

— கடைக்கு உள்ள மதிப்பு எனக்கு இல்ல, கேட்டியா. நான் ஏழாம் கிளாஸ், நீ சிக்ஸ்த் ஃபாரம். கல்யாணத்தன்னைக்கு சர்ச்சில நீ இங்கிலீஸில ஒப்பு போட்ட, நான் தமிழில போட்டேன். உனக்க சித்தி வாயைப் பொத்திகிட்டு சிரிச்சா. நான் கண்டேன்.

— ஆறு வருசம் ஆச்சு. அதை இன்னுமா வச்சிருக்கிய?

— வைக்காம? நானும் சும்மா இருக்கல்ல. பள்ளிக்கூடத்து தாணுமாலயன் சாருகிட்ட போனேன். கார்டை காட்டல்ல, துண்டுப் பேப்பரில எழுதிக் கொண்டு போனேன். நாலு எழுத்து, எல்லும் வியும் உண்டு, என்ன சார்னு கேட்டேன். சாரு கண்ணாடியைத் தூக்கி என்னைப் பாத்திட்டு, லவ், ஞானசிகாமணி, இந்த வயசில யாருக்கு எழுதப் போறேன்னு கேக்குதாரு. எனக்கு தலை நிமிர முடியல்ல.

— சாரு வாயில மொதல்ல வந்ததைச் சொல்லியிருக்காரு.

— செரி. இது? அஞ்சு எழுத்து, எச்சும் ஆரும். அதுக்கு ஹார்ட்னாரு. நெஞ்சாக்கும்! மொதல்ல லவ், பொறவு நெஞ்சு. மூணாவது கார்டில என்ன வரும், எட்டி?

— அதே அஞ்சு எழுத்தை மாத்திப் போட்டா எர்த். மண்ணுன்னு அர்த்தம்.

— மண்ணு! மண்ணு கேட்டு ஊரே ஜெயிலில கிடக்குது. அது காணாதுன்னு அம்பூரியில இருந்து ஒருத்தன் உனக்கு மண்ணு எழுதுதானாக்கும்?

— அம்பூரின்னு யாரு சொன்னா?

— தபால் முத்திரை சொல்லுது. எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்கும் தெரியும். அம்பூரியில எனக்கு யாரும் இல்ல. உனக்கு உண்டு. ரப்பர் எஸ்டேட்டில ரைட்டர் வேலை பாக்குத யோசுவா. உனக்க கூட படிச்சவன். உன்னைப் பெண்ணு கேட்டு வந்தவன்.

— யோசுவா அண்ணன் எனக்கு இதுவரை ஒரு கார்டு போட்டதில்ல.

— அவன் பேரைச் சொன்னதும் உனக்க மொகம் ஏன் வெளுத்துது?

— பயத்தில வெளுத்துது. அந்தப் பேரை உரக்கச் சொல்லாதிய. கதவைச் சாத்துங்க.

— எதுக்கு? ஊரு கேக்கட்டும்.

— சாத்துங்க, சொல்லுதேன். கர்த்தரே… நாலு எழுத்து, எல்லும் வியும். ரெண்டாவது எழுத்து ஓ போட்டாதான் லவ். ஐ போட்டா லிவ். உயிரோட இருக்குன்னு அர்த்தம்.

— யாரு உயிரோட இருக்குது?

— பள்ளிக்கூட விளையாட்டுன்னு சொன்னது பொய்யி. எனக்க அப்பா வீட்டில எங்களுக்கு சொல்லித் தந்தது. விளையாடினது ரெண்டே பேரு. நானும் எனக்க தம்பியும்.

— விஜயதாஸா? எட்டி, உனக்கு கிறுக்கா? போலீஸ் ஊர்வலத்துக்கு மேல துப்பாக்கி வெடிவச்ச அன்னைக்கு அவன் குழித்துறை ஆத்தில முங்கிப் போயிட்டான்லா. உடம்பு கிட்டல்லன்னு சர்ச்சில சும்மா ஜெபம் நடத்தினோம். அவனுக்கு வெட்டி வச்சிருந்த சட்டையை நான் ராவும் பகலும் தச்சு, அந்த ஜெபத்து மேசையில கொண்டு வச்சேன்.

— அவன் போவல்ல. இந்த அஞ்சு எழுத்தும் எர்த் இல்ல, ஷோர், கரைன்னு அர்த்தம். நீந்திக் கரையேறியிருக்கான். மொத கார்டு வந்தப்பளாக்கும் நானே அறிஞ்சேன். ஒரு மாசமா அடுப்புக்கு முன்ன இருந்து தனியா கண்ணீர் விட்டுக் கரையுதேன், சந்தோசத்தில.

— எங்கிட்ட சொல்லல்ல. அவன் எனக்கு மச்சினன் மட்டுமா? இந்த மிஷினில அவனுக்கு மொத தையல் சொல்லிக் குடுத்தது நானாக்கும்.

— சந்தோசம் வந்தா நீங்க வாயை அடைக்க மாட்டிய. ஒரு கோட்டு நல்லா அமைஞ்சாலே சந்தை முழுக்கச் சொல்லுவிய. அவனுக்கு வாரண்டு உண்டு. தெரியாட்டா உங்களை அடிச்சாலும் சொல்ல ஒண்ணுமிருக்காதுன்னு நெனச்சேன்.

— அப்போ யோசுவா…

— யாரும் எங்கிட்ட சொல்லல்ல. முத்திரையைப் பாத்ததும் எனக்குப் புரிஞ்சுது. அவருதான் இவனை வீட்டில வச்சு சோறு போடுதாரு. அவருக்கும் பெண்டாட்டியும் ரெண்டு பிள்ளையளும் உண்டு. அந்த மனுசனைத்தான் நீங்க… என்ன? ஏன் இப்படி வேர்க்குது? தண்ணி வேணுமா?

— சுகிர்தம்.

— சொல்லுங்க.

— யோசுவாவுக்கு நல்ல அடி கிட்டணும்னு நெனச்சேன். அவன் வீட்டில போராட்டக்காரன் ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான்னு இன்னைக்கு காலத்த போலீஸில போயி சொன்னேன். பொய்யின்னு நெனச்சாக்கும் சொன்னேன்.