எழுதித் தந்த அறிவிப்பும் நான் ஒட்டிய வாலும்

என் பெயர் தபிதாள், வயது 43. கணவர் பெயர் பென்சன், அரக்கோணத்தில் ரயில்வே ஊழியர். திருத்தணி மிஷன் தெரு, கதவு எண் 14-ல் குடியிருக்கிறேன். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போகும் விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பது என் தொழில். இன்று 17.06.2025 காலை பதினொரு மணிக்கு யாரும் கூப்பிடாமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன். ஆட்டோ ஓட்டுநர் முருகவேல், தான் செய்யாத ஒன்றுக்காகக் காவலில் இருக்கிறார். அதைச் செய்தது நான். சனிக்கிழமை இதே நிலையத்தில் நான் சொன்னது பொய்.

பதினான்கு வருடமாக இந்த வேலை செய்கிறேன். நகைக்கடை, ஜவுளிக்கடை, கண் பரிசோதனை முகாம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் என் குரல்தான். வீட்டில் ஃபேனை நிறுத்தி, சுவரில் மெத்தையைச் சாய்த்து வைத்துப் பதிவு செய்வேன். தொழிலுக்கு வந்த முதல் வருடம் ஒரு பாத்திரக்கடைக்காக, "முந்துங்கள்! முந்துங்கள்! முதலில் வருபவருக்கே முதல் பரிசு! தாமதித்தால் உங்களுக்கு இல்லை!" என்று பேசியிருந்தேன். அது நன்றாக அமைந்துவிட்டதால், அந்தத் துண்டை மட்டும் தனியாக எடுத்து வைத்து, அதன் பிறகு செய்த ஒவ்வொரு விளம்பரத்தின் கடைசியிலும் ஒட்டி வந்தேன். அதை நாங்கள் வால் என்போம். ஓட்டுநர்கள் சிலரும் அதைத் தங்கள் பென்டிரைவில் வைத்திருக்கிறார்கள். கூட்டம் சேரவில்லை என்றால் வாலை மட்டும் தனியாகப் போடுவார்கள்.

ஜவுளிக்கடை தீனதயாளன் நகராட்சித் தேர்தலில் நிற்கப் போகிறார். கடை திறந்து ஒரு வருடம் ஆனதற்காக ஐநூறு பெண்களுக்கு இலவசச் சேலை கொடுப்பதாகச் சொல்லி, சென்ற வியாழக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். "ஊர் பூரா என் மூஞ்சிய பேனர்ல போட்டாச்சுக்கா. எவனும் நின்னு பாக்கல. உன் குரல்னா அடுப்பாங்கரை வரைக்கும் போவுது. உன்ன வச்சிதான் ஜனங்ககிட்ட நான் போய்ச் சேரணும்" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அவர் எழுதிக் கொடுத்த தாளில், டோக்கன் பெற்ற அனைவருக்கும் சனிக்கிழமை மாலை ஐந்து மணி வரை சேலை உண்டு, அவசரம் வேண்டாம், வரிசையில் வரவும் என்று இருந்தது. அதைப் படித்துப் பதிவு செய்தேன். அதன் பிறகு போட்டுக் கேட்டபோது சவசவ என்று இருந்தது. அவசரம் வேண்டாம் என்று சொன்னால் எந்த ஜனம் வரும் என்று நினைத்து, அந்த இரண்டு சொல்லை வெட்டி எடுத்துவிட்டு வாலை ஒட்டினேன். குழம்பு இறக்கும்போது கை தானாகக் கொத்தமல்லி கிள்ளுவதுபோல் செய்துவிட்டேன். டோக்கன் இருக்கும்போது முந்துவதற்கு என்ன இருக்கிறது என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை.

அதன் பிறகு பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆந்திர எல்லை ஊர்களுக்காகத் தெலுங்கிலும் அதே அறிவிப்பைப் பேசினேன். எனக்குத் தெலுங்கு பேச்சு அளவுக்குத்தான் வரும். என் கணவர் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்ததை அப்படியே படித்தேன். தெலுங்கில் வால் கிடையாது, அவசரம் வேண்டாம் என்பதும் வெட்டுப்படாமல் இருந்தது. இரண்டையும் பென்டிரைவில் ஏற்றி வெள்ளிக்கிழமை காலை முருகவேலிடம் கொடுத்தேன். எல்லை ஊர்களில் தெலுங்கையும், மறுநாள் காலை திருத்தணிக்குள் தமிழையும் அவர் போட்டார்.

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அரக்கோணம் சாலையில் உள்ள கல்யாண மண்டபத்துக்குப் போனேன். பஸ்ஸில் வந்திருந்த பள்ளிப்பட்டுப் பெண்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் இரும்புக் கதவை மோதிக்கொண்டு நின்றார்கள். எல்லார் கையிலும் டோக்கன் இருந்தது. ஆட்டோ வாசலிலேயே நின்று என் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது. "முருகா, நிறுத்துப்பா!" என்று கத்தினேன். என் குரலே என் சத்தத்தை அமுக்கிவிட்டது. அதற்குள் கதவின் ஒரு பக்கம் மட்டும் திறந்தது. என் பக்கத்து வீட்டு வசந்தி, வயது 46, விழுந்ததை நான் பார்க்கவில்லை. கூட்டம் விலகிய பிறகு அவளுடைய பச்சை ரவிக்கையைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. இன்னும் நான்கு பெண்களுக்குக் காயம்.

அன்று பகல் ஒரு மணிக்குத் தீனதயாளன் போனில் பேசினார். "நான் எழுதிக் குடுத்த தாளு சுத்தமா இருக்குது. நீயும் தாள்ல இருந்ததத்தான் படிச்ச. முருகவேல்தான் வாலு போட்டான். அவ்ளோதான், புரியுதாக்கா?" என்றார். ஆங் என்றேன். அதன் பிறகு விசாரணையின்போது, வால் இல்லாமல்தான் கொடுத்தேன் என்று உங்களிடம் சொன்னேன். எதிரில் நின்றிருந்த முருகவேல், "இன்னாக்கா இப்டி சொல்ற?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதபாடம் வாசிப்பது என் முறை. எழுந்து போனேன், வாசிக்காமலே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். தீனதயாளன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. என் மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்கு அது கால்வாசிகூட வராது.

நான் இப்படிச் சொல்வது எனக்கே எதிராகத் திரும்பலாம் என்று ஆய்வாளர் எடுத்துச் சொன்னார். தெரிந்துதான் வந்தேன் என்றேன். அதன் பிறகு, வீட்டிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்பில் வியாழக்கிழமை தேதியுடன் இருந்த இரண்டு பதிவுகளையும் அவர் கேட்டதன்பேரில் போட்டுக் காட்டினேன். முதலில் தெலுங்கு, அடுத்து தமிழ். தமிழ்ப் பதிவு வால் வரைக்கும் ஓடியது. அப்போது, ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கையெழுத்துப் போட வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த வசந்தியின் கணவர் எல்லப்பன் எழுந்து கதவருகில் வந்து நின்றார். யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் அவர் சொன்னதையும் இதில் எழுதச் சொன்னேன்.

"டோக்கன் கீதே, மெதுவா போயேன்டின்னு சொன்னேங்க. நம்ம தபிதா கூவுது, அது தெரியாமயா சொல்லும்னுட்டு பாதி சோத்துல எழுந்து ஓடிச்சு."

மேலே எழுதியிருப்பதை எனக்குப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை. இதில் கூட்டியதும் இல்லை, வெட்டியதும் இல்லை.

(ஒப்பம்)
பெ. தபிதாள்