இருபத்தெட்டு நாள் கெடு

டீ அருமை, இன்ஸ்பெக்டர். டீக்கு முன்னால் பாலை ஊற்றிவிட்டீர்கள், அது முறையல்ல. போகட்டும், அதற்கெல்லாம் நான் புகார் எழுத மாட்டேன்.

நான் ஹெஸ்டர் விம்பெர்லி. லண்டனில் ஒரு பெண்கள் வார இதழின் நெறிமுறை ஆசிரியர். வாசகர்கள் தங்கள் சொந்தக் கதையைச் சொல்வார்கள். அச்சேறும் முன் சம்பந்தப்பட்டவரைத் தொலைபேசியில் பிடித்து வரிக்கு வரி வாசித்துக் காட்டி, அவர் "சரி" என்று சொன்ன பிறகே வெளியிடுவோம். பன்னிரண்டு ஆண்டுகளில் தவறுக்கு வருந்தி ஒரு திருத்தம்கூட நாங்கள் போட நேர்ந்ததில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றுகிறது.

பிப்ரவரியில் விட்பி ஊரிலிருந்து டோரீன் என்ற வாசகி, வெங்காய ஊறுகாய் ஜாடியோடு நிலவறைப் படிகள் பதிமூன்றிலும் உருண்டு செத்த தன் கணவர் கிளைவைப் பற்றிச் சொன்னாள். வாசித்துக் காட்டினேன். விசும்பிக்கொண்டே "சரி" என்றாள். செத்தவருக்கு யார் வாசித்துக் காட்டுவார்கள்? இறப்புச் சான்றிதழையும் நான் கேட்கவில்லை. என் பிழை அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை தொலைபேசி அடித்தது.

"கண்ணு, பதினாலாம் பக்கத்துல செத்துப்போனவன் பேசறேன்."

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன். பழக்கதோஷம்.

"ஜம்முனு இருக்கேன். அவளை விட்டுட்டு வந்தேன், அவ்வளவுதான். பப்புல என் நெனவா, அம்பு எறியற டார்ட்ஸ் போட்டி வெச்சாங்க. நானே ஜெயிச்சேன், செத்தவனுக்குக் கோப்பையைத் தர மாட்டேங்கறாங்க. அதே பக்கத்துல 'கிளைவ் சாகல'ன்னு போடு. இல்லேன்னா மேல எழுதிப் போடுவேன்."

பத்திரிகைகள் மேல் வரும் புகாரை விசாரிக்கும் முறையீட்டு அமைப்புக்குப் போகும் முன் நாங்களே தீர்த்துக்கொள்ள இருபத்தெட்டு நாள் கெடு உண்டு. "ஹெஸ்டர், ரெண்டு வரி போட்டுத் தொலையேன்," என்றார் ஆசிரியர். பன்னிரண்டு ஆண்டுப் பெருமை இரண்டு வரியில் போவதா என்று அன்று முழுக்கப் புலம்பினேன்.

பிறகுதான் அந்த அமைப்பின் விதியை நிதானமாகப் படித்தேன். அச்சிட்டது உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது, அவ்வளவுதான். செய்தியை மாற்றுவதா, நிலவரத்தை மாற்றுவதா என்று அது சொல்லவேயில்லை. சந்தோஷத்தில் நடைவழியில் ஒரு சுற்று ஆடினேன். கிளைவ் செத்த தேதியை நாங்கள் அச்சிடாததும் நல்லதாகப் போயிற்று.

இருபத்தேழாம் நாள் ரயிலேறி விட்பி போனேன். ஜாடியை நானே வாங்கிப் போனேன். கிளைவைப் பப்பில் பிடித்து, முறை தவறக் கூடாது என்று அவருக்கும் அந்தக் கதையை வரிக்கு வரி வாசித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பாவம்.

"எல்லாம் சரி கண்ணு. ஆனா பதிமூணு இல்ல, பதினொரு படிதான். டோரீன் வீட்டுல இல்ல, பழைய சாவி எங்கிட்ட இருக்கு, வேணும்னா வந்து எண்ணிப் பாரு."

அந்த வீட்டு நிலவறை வாசலில் ஜாடியை அவர் கையில் கொடுத்தேன். மேல்படியில் நின்று, விரலை நீட்டி அவர் எண்ணினார். பின்னால் நின்று நானும் எண்ணினேன். பதினொன்றுதான். அப்புறம் தள்ளினேன்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் நானே போட்டேன்: 'படிகள் பதிமூன்று அல்ல, பதினொன்று. தவறுக்கு வருந்துகிறோம்.' யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் போட்டது. படிகளை எண்ணியது யார் என்று கேட்கத்தானே என்னை அழைத்தீர்கள்?

நான்தான். இப்போது நான் சொன்னதை வரிக்கு வரி வாசித்துக் காட்டுங்கள், இன்ஸ்பெக்டர். கிளைவ் "எல்லாம் சரி" என்று சொன்னது அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சம்மதம் வாங்காமல் நான் எதையும் செய்ததில்லை.