பெல்மீரோ பெயரில் துடிக்கும் இதயம்

பெயர்: டிர்சே வலடாரெஸ். வயது: 47. தொழில்: சுகாதார நிலையத்தில் இதய வரைபடம் (ஈ.சி.ஜி.) எடுப்பவர். முகவரி: 18, ஆற்றங்கரைத் தெரு, பாரா டோ சிப்போ, மினாஸ் ஜெராயிஸ்.

மேற்படி முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். எங்கள் நிலையத்தில் மருத்துவர் இல்லை. நான் எடுக்கும் வரைபடத்தைத் தலைநகரில் உள்ள கணினி நான்கு நொடியில் படித்துப் பதில் அனுப்பும். லட்சக்கணக்கான இதயங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டது என்று பயிற்சியில் சொன்னார்கள்.

மார்ச் 3 காலை, பள்ளிப் பேருந்து ஓட்டும் பெல்மீரோ, உரிமம் புதுப்பிக்கச் சான்று கேட்டு வந்தார். துடிப்பைப் பதியும் வில்லைகள் மார்பு ரோமத்தில் ஒட்டாததால் மூன்று முறை "படிக்க இயலவில்லை" என்று பதில் வந்தது. அதன் பிறகு மழிக்கச் சொன்னேன். "போ தாயி, நான் என்ன கோழியா, உரிக்கறதுக்கு? எவ மழிச்சான்னு வீட்ல கேப்பா" என்றார். வெளியே பதினோரு பேர் காத்திருந்தபடியால், அவரைக் காபி குடிக்க அனுப்பிவிட்டு, கதவைத் தாழிட்டு, வில்லைகளை என் மார்பில் ஒட்டி அவர் பெயரில் அனுப்பினேன்.

"முழு இதயத் தடை. துடிப்பு 36. உடனே மருத்துவமனைக்கு அனுப்பவும்" என்று பதில் வந்தது.

என் தகப்பனார் நாற்பத்தொன்பது வயதில் காபித் தோட்டத்தில் கூடையைக் கீழே வைத்துவிட்டு இறந்தார். மண்சுவர் வீடுகளில் ஒளிந்திருக்கும் பூச்சி கடித்துக் கெட்ட இதயம் என்றார்கள். நானும் அவருடைய மண்சுவர் வீட்டில்தான் வளர்ந்தேன்.

அதன் பிறகு என் பெயரிலேயே அனுப்பினேன். "இது பெல்மீரோவின் இதயம். பெயரைத் திருத்தவும்" என்று வந்தது. மறுநாளும் அனுப்பினேன். "துடிப்பு 33. பெல்மீரோ, தாமதிக்க வேண்டாம்" என்று வந்தது.

அதன் பிறகு பெல்மீரோவின் உரிமம் முடக்கப்பட்டது. "புள்ளைங்க முன்னாடி ஆம்புலன்ஸ்காரன் என்னை ஸ்ட்ரெச்சர்ல படுக்கச் சொல்றான்" என்று அவர் இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். நான் மேற்பார்வையாளர் ஜிஸ்லேனிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "அது தப்புப் பண்ணாதுடி. நீ யாருன்னு போலீஸ்ல எழுதி வாங்கிட்டு வா" என்றார்.

இதயமுடுக்கி பொருத்த மாவட்ட மருத்துவமனையில் பெல்மீரோ பெயரில் வெள்ளிக்கிழமை வரை ஒரு படுக்கை இருக்கிறது. தினமும் காலையில் எங்கள் நிலையத்துக்கு அழைப்பு வருகிறது. "பெல்மீரோ, மூச்சு வாங்குகிறதா?" என்று இயந்திரக் குரல் கேட்கிறது. ஆம் என்று நான்தான் பதில் சொல்லி வருகிறேன்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லை. சொன்னது அனைத்தும் உண்மை, இதயம் என்னுடையது. அவ்வாறே முத்திரையிட்டு வெள்ளிக்கிழமைக்குள் தரும்படி கேட்டுக்கொண்டு, நிற்க இயலாமல் உட்கார்ந்தபடி கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) டிர்சே வலடாரெஸ்