வளைவில் நிற்காத எஞ்சின்

மாலை ஆறே முக்கால். ஆறு கடலில் சேர்கிற பூவாறு பொழிமுகத்துக்குப் போகிற தென்னந்தோப்பு வழி. எதிரே ஒரு ஆள் இல்லை... ஒரு விளக்கு இல்லை. லிங்கம் ஸ்கூட்டரை ஓட்ட, மெக்கானிக் சத்தியதாஸ் டீசல் கேனை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தான்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன். இந்த லிங்கம் வேறு யாரும் இல்லை, நம் ஹரிகுமாரின் மாமனார். ஹரியிடம் கேட்டால் வாய் திறக்க மாட்டான்.

சுற்றுலா வருகிறவர்களை ஏற்றுகிற படகு ஒன்று லிங்கத்துக்கு இருந்தது. எஞ்சின் பழசு. எங்கும் நன்றாக ஓடும். ஆற்றில், கண்டல் காட்டுக்குள் ஒரு வளைவு... அங்கே போனதும் நின்றுவிடும். கழியால் தள்ளிப் படகைப் பின்னுக்குக் கொண்டுவந்தால், சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும்.

சத்தியதாஸ் முழுக்கப் பிரித்துப் பார்த்தான்.

"இதுக்கு ஒரு கேடும் இல்ல அண்ணாச்சி. ரிங்கையும் கேஸ்கட்டையும் மாத்தித் தாறேன். இன்னும் பல வருசம் ஓடும். இதத் தூரக் களையாதீங்க."

"பின்ன ஏன்டே அங்க மட்டும் நிக்கி?"

சத்தியதாஸ் மறுபடியும் எஞ்சினுக்குள் தலையை விட்டான்.

லிங்கத்துக்கு மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை. ரிப்பேர் போதும் என்று ஒரு நாள் தோன்றும்... மறுநாள், புதுசே வாங்கிவிடலாம் என்று தோன்றும். அப்படி இருக்கையில்தான் கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பம் அந்த வளைவில், கொட்டுகிற மழையில் மாட்டிக்கொண்டது. குழந்தை அழுது அழுது மூச்சுக் கட்டி, மயிரிழையில் பிழைத்தது.

லிங்கத்தின் மனைவி நீலாம்பாள் தீர்த்துச் சொல்லிவிட்டாள். "புதுசு வாங்குங்க. யாராவது பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நம்மால தாங்க ஒக்காது."

வாங்கிப் பொருத்தினார்கள். அதை ஓட்டிப் பார்க்கத்தான் அன்று மாலை ஸ்கூட்டரில் போனார்கள்.

படகு வழுக்கிக்கொண்டு போயிற்று. வளைவு வந்தது. லிங்கம் சுக்கானை இறுக்கிப் பிடித்தார்... எஞ்சின் நிற்கவில்லை.

அப்போது படகு லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. கரையில் கட்டிய படகில் ஒருவர் கால் வைத்து ஏறினால் எப்படிச் சாயும்... அப்படி.

மறுபடி ஒரு சாய்வு. மறுபடி...

எஞ்சின் சத்தம் கனத்தது. ஒரு வாடை வந்தது. சேற்று வாடை இல்லை... ஈரத்துணியைப் பெட்டிக்குள் போட்டு மறந்துவிட்டுத் திறந்தால் வருமே, அது. படகில் இருந்தது இரண்டே பேர். படகோ ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை ஏற்றியதுபோலத் தாழ்ந்து, தண்ணீர் விளிம்பை நக்கியது.

"அண்ணாச்சி..." பின்னாலிருந்து சத்தியதாஸின் குரல், மிக மெல்ல. "திரும்பிப் பாக்காதீங்க. இங்க எனக்கு இருக்க எடமில்ல. நேரே ஜெட்டிக்கு விடுங்க."

லிங்கம் திரும்பவில்லை. பிடரியில் யாருடைய மூச்சோ பட்டது... குளிர்ச்சியாக.

படகை ஜெட்டியில் கட்டினார். படகு சாய்ந்து சாய்ந்து மேலே எழும்பியது. பலகையில் வெறுங்கால்கள் நடக்கிற சத்தம்... சளப்... சளப்... தோப்புக்குள் போய்த் தேய்ந்தது.

அப்புறம்தான் திரும்பினார். சத்தியதாஸ் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒடுங்கிக் கிடந்தான். சட்டையில் தோள்கள் இரண்டு மட்டும் தொப்பலாக நனைந்திருந்தன.

போன் அடித்தது. நீலாம்பாள்.

"ஆள அனுப்பினா ஒரு வார்த்த விளிச்சுச் சொல்லப்பிடாதா? முற்றம் நிறைய வந்து நின்னாவ. எல்லாரும் நனைஞ்சு..."

"உள்ள விடாத. கதவச் சாத்து."

"உள்ளதான் இருக்காவ. பாவம், ஒண்ணும் பேசல்ல. நம்ம நீதுவ மடியில வச்சிருக்காவ."

நீது, ஹரியின் மகள். அப்போது இரண்டு வயசு.

அந்த வழியை லிங்கம் எப்படிக் கடந்தார் என்று அவருக்கே தெரியாது. வீட்டில் யாரும் இல்லை. தரை முழுக்கத் தண்ணீர். பாயில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தொட்டார். உயிர் இருந்தது... உடம்பில் சூடு இல்லை. ஆஸ்பத்திரியில் கிடந்து அந்தச் சூடு திரும்ப வெகுநாள் ஆயிற்று. சத்தியதாஸ் அதற்கப்புறம் எஞ்சின் எதையும் தொடவில்லை.

ஆனால் அந்த நிமிஷம் நீலாம்பாளுக்கு ஒன்றும் புரியவில்லை. துடைக்கிற துணியோடு நின்றுகொண்டு கேட்டாள்:

"வழியில பாக்கலியா? இப்பந்தான் எறங்கிப் போனாவ. போறப்பந்தான் வாய் தொறந்தாவ. பாக்கி உள்ளவங்களையும் நாளைக்கு ஏத்திட்டு வாறேன்னு நீங்க சொன்னீங்களாமே..."